மகள் சொல்லவிருந்த சாட்சி

பன் மாவு சரியாகப் பொங்கிவிட்டதா என்று பார்க்க எங்கள் பேக்கரியில் கருவி எதுவும் கிடையாது. ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்துவோம். குழி மெதுவாக எழும்பி வந்தால் அடுப்புக்குள் தள்ளலாம். எழும்பாமல் அப்படியே கிடந்தால் மாவு தாண்டிவிட்டது, இனி அதை நம்பிப் பயனில்லை. என் எட்டு வயது மகளின் கணுக்காலில் டாக்டரம்மா கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தபோது அந்தக் குழி எழும்பவே இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் குனிந்து மகளின் மறு காலையும் அழுத்திப் பார்த்தேன்.

அதற்கு முன்பு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். பேக்கரிக்காரன் மகள் என்றுதான் பெயர், உடம்பில் சதையே ஒட்டாது. "உங்க கடை பன்னுல சத்து இருந்தா உங்க புள்ள ஏன் இப்படி இருக்கு?" என்று பேருந்து நிலையத்துக் கடையில் நிற்பவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். அந்த ஜூன் மாதத்தில் திடீரென்று கன்னம் உப்பியது. பாவாடை நாடா எட்டவில்லை. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெருவே, "இப்பத்தான் புள்ள பாக்க லட்சணமா இருக்கு" என்றது. கண் பட்டுவிடும் என்று மனைவி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாங்கள் கத்தோலிக்கர்கள்தான், ஆனால் கண் திருஷ்டி விஷயத்தில் ஊரில் யாருக்கும் மத வித்தியாசம் கிடையாது. காலையில் எழும்போது இமை இரண்டும் வீங்கியிருப்பதைக் கொசுவின் கணக்கில் எழுதினோம். கக்கூஸில் மகள் போன சிறுநீர் நுரைத்துக்கொண்டு கலையாமல் நிற்பதை மனைவி பார்த்த அன்றுதான் பயம் வந்தது.

"சிறுநீரகம் ஒரு சல்லடைன்னு வச்சுக்குங்க," என்றார் டாக்டரம்மா. "கழிவு வெளிய போகணும், புரோட்டீன் உள்ள நிக்கணும். இவளுக்கு ஓட்டை பெருசாயி புரோட்டீனெல்லாம் ஒழுகுது. அது இல்லாம தண்ணி ரத்தத்துல நிக்காது, உடம்புல ஊறும். இதுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு பேரு."

"நல்லாயிருமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"ஸ்டீராய்டு மாத்திரை தர்றேன். பெரும்பாலான புள்ளைங்களுக்கு அதுலயே கேட்டுரும். சில வாரத்துல ஒழுகுறது நின்னுரும். நிக்கலைன்னா புதுச்சேரிக்கு அனுப்பணும். அங்க சிறுநீரகத்துலேருந்து ஊசியால ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துட்டு, இதவிடப் பெரிய மருந்தா குடுப்பாங்க."

துணுக்கு என்ற சொல் என் காதில் விழுந்த பிறகு அவர் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. நல்லவேளை, மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உப்பு கூடாது. தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். தினமும் காலையில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, அவர் கொடுத்த மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. வெள்ளையாகத் திரிந்தால் இன்னும் ஒழுகுகிறது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பொழுது அந்தக் கண்ணாடிக் குழாயில்தான் விடிந்தது. மனைவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அதைத் தூக்கிப் பிடிப்பாள். நான் பின்னால் நிற்பேன். சொட்டு விழுந்ததும் வெள்ளை இறங்கும், வடித்த கஞ்சி மாதிரி. "நேத்துக்கு இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா இருக்குல்லங்க?" என்பாள். நானும் கம்மிதான் என்பேன். இருவருக்கும் கண் நன்றாகத்தான் தெரியும்.

கடையிலிருந்து மாவு நிறுக்கும் பெரிய தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகளுக்காக உப்பில்லாமல் தனியாக பன் போட்டேன். உப்பு போடாத மாவு கையில் ஒட்டிக்கொண்டு சொன்ன பேச்சு கேட்காது, அவசரமாகப் பொங்கி அவசரமாக அமுங்கும். வெந்து வந்தால் பஞ்சைத் தின்பதுபோல் இருக்கும். அதையும் அவள் தின்றாள். அந்த மாத்திரை பசியைக் கிளப்பிவிடும். முன்பு ஒரு வாய் ஊட்டப் பின்னால் ஓடிய நாங்கள், இப்போது அவள் தட்டைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. பசி ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். தொட்டதற்கெல்லாம் கத்தினாள். முகம் பூரி மாதிரி உப்பி, முன்கையில் மெல்லிய ரோமம் அடர்ந்தது. பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பசியைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். தாகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. காரைக்காலில் ஆடி பிறந்தும் வெயில் இறங்காது. கடல் காற்று உடம்பைப் பிசுபிசுக்க வைக்குமே தவிர தணிக்காது. ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை அவள் பூனை மாதிரி நக்கி நக்கிக் குடிப்பாள். பிறகு, "அப்பா, மூஞ்சி கழுவிட்டு வர்றேன்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "பல்லு வெளக்கிட்டு வர்றேன்" என்பாள். ஒரே மத்தியானத்தில் எத்தனை முறை பல் விளக்குவாள் ஒரு பிள்ளை? பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தால் ஈர பிரஷ்ஷை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். குழாயை மூடி, மோட்டாரை நிறுத்தி, ஃப்ரிட்ஜைப் பூட்டினேன். பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் தராமல் பூட்டு போட்டவன் நான். சாவி இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

அவ்வளவு காவலுக்குப் பிறகும் தராசு ஏறியது. நாளுக்கு நாள் ஏறியது. குழாயில் வெள்ளை குறையவில்லை, வயிறு பானை மாதிரி முன்னால் வந்தது, கண் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். டாக்டரம்மா தண்ணீரை இன்னும் குறைக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். இல்லேன்னா புதுச்சேரிக்கு எழுதித் தர்றேன்" என்றார். நான் கடையில் நின்றுகொண்டு பிரெட்டை வெட்டுவதற்குப் பதில் விரலை வெட்டிக்கொண்டேன். சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவர் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டே, "புள்ளைக்கு ஏழரையா இருக்கும், எள்ளு தீபம் போடுங்க" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் திருநள்ளாற்றுக்கு வழி கேட்கிறேன், அப்படி இருந்தது என் புத்தி.

இந்த நேரத்தில்தான் மனைவியின் அக்கா பிரான்சிலிருந்து வந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி பாரிஸ் பக்கம் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். ஆனாலும் ஆகஸ்டில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வராமல் இருந்ததில்லை. வரும்போது சாக்லேட் வருகிறதோ இல்லையோ, லூர்து தீர்த்தம் வரும். அங்கே லூர்து மாதா காட்சி தந்த குகையில், கெபி என்போம், பிடித்த தண்ணீர், மாதா உருவத்திலேயே செய்த பிளாஸ்டிக் பாட்டில்களில். மாதாவின் தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி, அதைத் திருகினால் திறக்கும். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், நோயாளிகள் என்று திருவிழா அன்று ஆளுக்கொன்று கொடுப்பதற்காக இருபது முப்பது மாதாக்கள் எங்கள் கூடத்து ஷோகேஸில் வரிசையாக நின்றார்கள்.

நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், பாசமானவர், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மகளைப் பார்த்த அன்று வாசலிலேயே உட்கார்ந்து, "மோன் தியே, ஆண்டவரே, என் தங்கத்துக்கு என்ன ஆச்சு!" என்று அழுதார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் தீர்த்தத்தைத் தொட்டு அவள் நெற்றியில் சிலுவை போடுவார். ஒரு பாட்டில் தீர்ந்த சாயங்காலம் ஷோகேஸிலிருந்து இன்னொன்றை எடுத்தார். திறந்து கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. அடுத்ததை எடுத்தார், அதுவும் காலி. நானும் எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். முன்வரிசை மாதாக்கள் மட்டும்தான் கனத்தார்கள். பின்வரிசை முழுக்கக் காற்று. எல்லாக் கிரீடமும் ஒழுங்காகத் திருகி வைக்கப்பட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"தாகமா இருந்துச்சுப்பா," என்றாள். "இது தண்ணி இல்லல்ல, தீர்த்தம்தானேன்னு குடிச்சேன்."

கையை ஓங்கிவிட்டேன். எங்கே அடிப்பது? எந்த இடத்தைத் தொட்டாலும் குழி விழுகிற உடம்பு. ஓங்கிய கையால் என் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, திட்டாதீங்க. மாதா குடுத்தாங்க, புள்ள குடிச்சுது" என்றார். மாதா கொடுத்ததும் எடையில் சேரும் அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த சில நாட்களில் நடந்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் சரியாகச் சொன்ன மாதிரி இருக்காது. மகள் சிறுநீர் போகத் தொடங்கினாள். அதுவரை சொட்டுச் சொட்டாகப் போனவள், காலையில் போனாள், சாப்பிட்டுவிட்டுப் போனாள், பள்ளிக்கு அனுப்பாத அந்த மத்தியானம் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து, "அம்மா, நெறைய!" என்று கத்துவாள். நாங்கள் மூன்று பெரிய ஆட்கள் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதோம். எனக்கு அதுதான் அந்த வருஷத்துப் பாட்டுக் கச்சேரி. தராசு இறங்கியது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. ஒரு காலை மனைவி சொட்டுவிட்ட குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளை இறங்கவில்லை. குழாய்க்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுத் தென்னை மட்டை தெளிவாகத் தெரிந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாத்திரை கேட்டுருச்சு," என்று டாக்டரம்மா சிரித்தார். "கொஞ்சம் லேட்டா கேட்டிருக்கு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. நல்லாயிருச்சேன்னு மாத்திரைய திடீர்னு நிறுத்திராதீங்க. இத்தனை வாரம் வெளியிலேருந்து மருந்து போனதால உடம்பு தானா சுரக்க வேண்டியத நிறுத்தி வச்சிருக்கும். சட்டுனு விட்டா பெரிய ஆபத்து. நான் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறேன்."

வீட்டில் அண்ணியின் கணக்கு வேறாக இருந்தது. தீர்த்தம் குடித்தாள், குணமானாள். திருவிழாவின் ஒன்பது நாள் செபமான நவநாளின் கடைசி நாள் பூசை முடிந்ததும் மகள் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும் என்று சாமியாரிடம் பேசிவிட்டு வந்தார். எங்கள் கோயிலில் அது வழக்கம்தான். வேண்டுதல் நிறைவேறியவர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொல்வார்கள், சனம் கை தட்டும். அண்ணி எழுதிக்கூட வைக்கவில்லை, வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். "எந்த மருந்துக்கும் கேட்காத என் வியாதியை மாதா தன் தீர்த்தத்தால் குணமாக்கினார்கள்." மகள் அதைக் கோயில் வாசிப்பு மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகினாள். பல வாரத்துக்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"அண்ணி, மாதா மேல எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனா மருந்தும்தானே கேட்டுச்சு, அதையும் ஒரு வார்த்தை சேத்துக்கட்டுமே" என்றேன்.

"சாட்சில யாராவது மருந்து பேரு சொல்லுவாங்களா தம்பி? அது என்ன மெடிக்கல் ஷாப்பா?"

"நீங்க மட்டும் சர்க்கரை மாத்திரைய ஒரு வேளை விடாம போட்டுக்கிறீங்க."

"நான் போட வேண்டாம்னு சொன்னேனா? அவ போடட்டும், யாரு தடுத்தா? சாட்சில சொல்ல வேண்டாம்னுதானே சொல்றேன்."

மனைவி நடுவில் வந்து, "சொன்னா என்னங்க கொறஞ்சுபோகுது? புள்ள பொழச்சு வந்திருக்கா. அக்கா ஆசைப்படுது" என்றாள். கோயிலுக்கு உடுத்த வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. உப்பிய முகத்துக்கு எந்தக் கழுத்து பொருந்தும் என்று அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படிப் பேச்சு கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது. நான் விட்டுவிட்டேன்.

கொடியேற்றினார்கள். நவநாள் தொடங்கியது. மகள் பெரிய மனுஷி மாதிரி ஆகிவிட்டாள். காலையில் சாப்பிட்டதும் மனைவி மாத்திரைகளைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்தால், முன்பு மாதிரி அழாமல் தானே எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

திருவிழா பாதி போயிருக்கும். மனைவி குழாயைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை. கஞ்சி மாதிரியே வெள்ளை. போனில் டாக்டரம்மா, "சளி இருக்கா?" என்று கேட்டார். லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "சளி புடிச்சாலும் சில புள்ளைங்களுக்குத் திரும்ப வரும். மாத்திரைய விட்டுறாதீங்க, நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க." மறுநாள் காலையில் மகள் எழுந்திருக்கவில்லை. எழுப்பினால் வாந்தி எடுத்தாள். உடம்பு அனலாக இருந்தது, வயிற்றைத் தொடவே விடவில்லை. நிற்க வைத்தால் துணி மாதிரி மடிந்து விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. கையில் ஊசி ஏற்றி, ஆம்புலன்சை வரச் சொல்லிவிட்டார்.

புதுச்சேரி எவ்வளவு தூரம் என்று அன்றுதான் தெரிந்தது. தரங்கம்பாடி தாண்டவே ஒரு யுகம் ஆனது. சீர்காழியில் ஊர்வலம் ஒன்று குறுக்கே வந்தது. நான் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கெட்ட வார்த்தையில் கத்தினேன். மனைவி மகளின் காதருகே குனிந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணி செபமாலையை உருட்டவில்லை, கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தார். கடலூர் வருவதற்குள் நான் ஆண்டவரோடு எல்லா ஒப்பந்தமும் போட்டு முடித்துவிட்டேன். கடையை எடுத்துக்கொள், கண்ணை எடுத்துக்கொள், என்னை எடுத்துக்கொள் என்றேன். சைரன்தான் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். "மாத்திரையை நிறுத்தினீங்களா?"

"இல்ல சார்."

உள்ளே போனார், வந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வேளையாவது விட்டுச்சா?"

"இல்லவே இல்ல சார். என் கையால எடுத்து வச்சேன்," என்று மனைவி அழுதாள்.

மூன்றாவது முறையும் கேட்டபோது நான் பாய்ந்துவிட்டேன். "எங்களப் பாத்தா புள்ளைக்கு மருந்து குடுக்காத ஆளுங்க மாதிரியா தெரியுது?"

அவர் கோபப்படவில்லை. "இது தெரிஞ்சாதான் மேல என்ன செய்றதுன்னு முடிவெடுக்க முடியும்ங்க. மாத்திரை முழுசா போயும் இப்படித் திரும்பி வந்திருந்தா, நோய் நாங்க நெனச்சதவிடக் கடுசு. துணுக்கு எடுக்கணும், பெரிய மருந்துக்குப் போகணும். அந்த மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

நாங்கள் இல்லை என்றே சத்தியம் செய்தோம்.

வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி ஏறியிருந்தது. அதற்கு மருந்து போனது. ஸ்டீராய்டை நேராக ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். ஐ.சி.யு. கண்ணாடிக்கு வெளியே நின்றபடி நான் அவள் மூச்சுக்குப் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஏறாத மாதிரி தெரிந்தால் என் மூச்சு நின்றுவிடும். அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டது எந்த நாள் என்று மனைவிக்கும் எனக்கும் இன்றும் தகராறு உண்டு. நர்ஸ் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினார்.

கொஞ்சம் தேறி வார்டுக்கு மாற்றிய காலையில் அதே டாக்டர் வந்தார். எங்களைக் கேட்காமல் அவள் கட்டிலில் உட்கார்ந்தார். "நாளைக்கு முதுகு பக்கம் ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம்னு இருக்கோம் பாப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா? மாத்திரை கசக்குதா? சில நேரம் துப்பிருவியா?"

மகள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, திட்ட மாட்டீங்கள்ல?"

"இல்லம்மா. சொல்லு."

"கொடியேத்துன நாள்லேருந்து போடல. வாஷ்பேசின்ல போட்டுட்டேன்."

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி? ஏண்டி, என்னப் பெத்தவளே, கசந்துச்சுன்னா சொல்லியிருக்கலாம்ல?"

"கசக்கல." உதட்டைக் கடித்தாள். "கோயில்ல பொய் சொல்லக்கூடாதுல்லம்மா. மாத்திரையும் போட்டுக்கிட்டு, மருந்துக்குக் கேக்கல மாதாதான் குணமாக்குனாங்கன்னு மைக்குல சொன்னா அது பொய்தானே. பீடத்துக்கிட்ட நின்னு எப்படிப் பொய் சொல்றது? அதான் மாத்திரைய விட்டுட்டா உண்மையாயிரும்னு..."

வார்டில் வேறு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. அண்ணி கால்மாட்டில் நின்றிருந்தார். நடந்து வந்து அவள் தலையைத் தடவினார்.

"என் ராசாத்தி, அந்த மாத்திரையும் மாதா குடுத்ததுதாண்டி."

"அப்ப ஏன் பெரியம்மா அதச் சொல்ல வேண்டாம்னீங்க?"

குத்திக் கேட்கவில்லை அவள். தெரியாமல் கேட்டாள். அண்ணி வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் மலையளவு கோபம் இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரும் அவளை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும் போடு என்றுதான் சொன்னோம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊசி இப்ப வேண்டாம். மாத்திரை நின்னதாலதான் இவ்வளவும். மறுபடி மொதல்லேருந்து அதையே குடுத்துப் பாப்போம்."

"கேட்டுருமா சார்?"

"போன தடவ கேட்டுச்சு. இந்தத் தடவையும் கேக்கணும். கேக்கும்னு எழுதித் தர முடியாதுங்க."

கிருமிக்கான மருந்து முடிந்து அவள் வாயால் சாப்பிட ஆரம்பித்த அன்று மாத்திரையும் ஆரம்பமானது. முகம் மறுபடி உப்பி, கண் இடுங்கி, கால் இரண்டும் தலையணை மேல் கிடந்தன. காலையில் நர்ஸ் பிடித்த குழாயில் வெள்ளைதான் இருந்தது. நான் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், மனைவி அளந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்து விழுங்கினாள். முடிந்ததும் என் பக்கமாகத் திரும்பி வாயை அகலமாகத் திறந்தாள். நாக்கைத் தூக்கி அடியில் காட்டினாள். பிறகு கன்னத்தை விரலால் இழுத்து அந்தப் பக்கம் காட்டினாள், இந்தப் பக்கம் காட்டினாள். யாரும் அவளைக் காட்டச் சொல்லவில்லை.

"போதும்மா, வாய மூடு," என்றேன். அவள் மூடவில்லை. நான் நன்றாகப் பார்த்துவிட்டேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு திறந்தபடி இருந்தாள்.